முதல் அடி வாத்தியாருக்கு

தர்ம அடி என்பதில் தர்மம் எங்கே இருக்கிறது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கொடுக்கிறவன் பிரதிபலன் எதிர்பார்ப்பதில்லை. வாங்குகிறவன் எந்த ஊர், என்ன ஜாதி என்று விசாரிப்பதுமில்லை. வழியோடு போகிறவன் செருப்பைக் கழற்றி, தன் பங்குக்கு ஒன்று வைத்துவிட்டு, மனநிறைவோடு பஸ் பிடிக்கப் போய்விடுகிறான். அந்த வகையில் பார்த்தால் அன்னதானத்துக்கு அடுத்தபடி அதுதான்.

அறுபதுகளில் நான் தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு மின்சார ரயிலில் ஆபீஸ் போய் வந்துகொண்டிருந்தேன். எங்கள் பெட்டியில் தினமும் ஏறுவது ஒரே கூட்டம்தான். பல்லாவரத்துக்குள் பேப்பர் நாலு பேரிடம் கைமாறியிருக்கும். மீனம்பாக்கத்தில் நாட்டைத் திருத்த ஆரம்பித்தால் மாம்பலத்துக்குள் திருத்தி முடித்துவிடுவோம். பிக்பாக்கெட், பாத்திரத் திருட்டு என்று எந்தச் சேதி வந்தாலும் ஒரு கட்சி, போலீஸ் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது என்று சொல்லும். இன்னொரு கட்சி, பிடித்த இடத்திலேயே நாலு சாத்து சாத்தி அனுப்பினால்தான் புத்தி வரும் என்னும். இந்த இரண்டாவது கட்சிக்கு ஆஸ்தானப் பேச்சாளர் அடியேன். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் மனைவியைக் கூப்பிடுகிற ஆள் நான். ஆனால் ரயில் பெட்டிக்குள் என் வீரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இது நடந்த மாதம் ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் திருட்டு அதிகம். ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. கிடைத்தவனைக் கொன்றுவிடுவது என்று எங்கள் பெட்டியில் ஏகமனதாக முடிவாகியிருந்தது. தீர்மானத்தை வழிமொழிந்தவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. ரயிலை விட்டு இறங்கினால் சைக்கிள் ஸ்டாண்டில் கரண்ட் இல்லை. மாதக் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு டோக்கன் கிடையாது. நாமே விட்டு நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வழக்கமான இடத்தில் வழக்கமான கறுப்பு சைக்கிள் நின்றது. சாவியைப் போட்டேன், பூட்டு திறந்தது. ஒரு கையில் குடை, ஒரு கையில் ஹாண்டில்பார் என்று சேலையூர்ப் பக்கம் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அந்தக் காலத்துச் சைக்கிள் பூட்டுகளின் பெருந்தன்மை எனக்கு அன்று தெரியாது. தேய்ந்த சாவி எதைப் போட்டாலும் அவை திறக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். நடுரோட்டில் ஓர் ஆடு நின்றது. மணியை அழுத்தினேன். கிணிங் என்றது.

மிதிப்பதை நிறுத்தினேன். ஏனென்றால் என் சைக்கிள் மணி அடிக்காது. அது அடித்து வருஷக்கணக்காகிறது. பழக்கதோஷத்தில் அழுத்துவேன், பிறகு வாயால் "ஓரம், ஓரம்" என்று கத்துவேன். அன்றும் கத்தினேன். மணியும் அடித்து, நானும் கத்தி, ஆடு இரண்டு மடங்கு மரியாதையோடு விலகிக்கொண்டது. குனிந்து பார்த்தேன். சீட்டுக்குப் பச்சை உறை, அதில் குஞ்சம். என் சீட்டுக்கு உறையே கிடையாது. மிதித்தால் சத்தமும் வரவில்லை. என் சைக்கிளை மிதித்தால் கிரீச் கிரீச் என்று தெருமுனைவரை கேட்கும். முந்தின நாள் மழைச் சத்தத்தில் அதைத் தேடத் தோன்றவில்லை.

ஒரு புத்திசாலி என்ன செய்திருப்பான்? இறங்கி, தள்ளிக்கொண்டு போய், ஸ்டாண்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லியிருப்பான். நான் பார்த்தது முதலில் இடது பக்கம், அடுத்தது வலது பக்கம், கடைசியாகப் பின்பக்கம். பிறகு தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தேன். யாரும் பார்ப்பதற்குள் ஸ்டாண்டில் வைத்துவிட வேண்டும். ஒரு திருடன் எப்படி ஓட்டுவான் என்று சினிமாக்காரர்கள் கேட்டிருந்தால் என்னைக் காட்டியிருக்கலாம்.

எதிரே கையில் கூடையோடு பருமனான ஓர் அம்மாள் வந்துகொண்டிருந்தார். சைக்கிளைப் பார்த்தார், குஞ்சத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாபா, அது எங்க பக்கத்து வூட்டு வாத்தியார் சைக்கிளு. நீ இன்னாத்துக்கு ஓட்டினு போற?"

தெரியாமல் மாறிப்போச்சும்மா என்று ஒரு வரி சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் இன்னும் வேகமாக மிதித்தேன். பின்னால் அந்த அம்மாளின் குரல், வானொலி நிலையமே தேவைப்படாத குரல், திருட்டுப்பயல் போகிறான், புட்சிக்கோ என்று துரத்திக்கொண்டு வந்தது.

ஸ்டாண்டு இருப்பது மேற்கே. நான் வருவது கிழக்கே. நடுவில் ரயில்வே கேட். கேட் மூடியிருந்தது.

கேட்டில் காத்திருக்கும் கூட்டம் தனி ரகம். அதற்கு வேறு வேலை கிடையாது. எக்ஸ்பிரஸ் வருகிறது என்று கேட்கீப்பர் அன்று யாரையும் குனிந்து போக விடவில்லை. ஆகவே எல்லோரும் தண்டவாளத்தை வெறித்துக்கொண்டு, ஏதாவது நடந்தால் தேவலை என்று நின்றுகொண்டிருந்தார்கள். நான் போய் நடந்தேன்.

"சார், இறங்குங்க சார்," என்று ஒருவர் ஹாண்டில்பாரைப் பிடித்தார். அப்போது இன்னும் நான் சார். சைக்கிள் யாருடையது என்று கேட்டார்கள். மச்சினனுடையது என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. மச்சினன் எங்கே என்றார்கள். மதுரை என்றேன். மதுரையிலிருக்கிற மச்சினன் சைக்கிளா தாம்பரத்தில் ஓடுகிறது என்று ஒருவர் கேட்டபோது நான் 'யோவ்' ஆகியிருந்தேன். மூச்சிரைக்க வந்து சேர்ந்த அந்த அம்மாள் குஞ்சத்தைத் தன் கையால் தைத்துக் கொடுத்த கதையைச் சொல்லி முடித்தபோது 'டேய்' ஆகிவிட்டேன்.

கடைசியில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று துணிந்தேன். சைக்கிள் மாறிவிட்டது, வேண்டுமானால் பாருங்கள், என் சாவியே இதற்குச் சேர்கிறது என்று பூட்டைப் பூட்டித் திறந்து காட்டினேன். கூட்டம் ஒரு கணம் அசந்துபோனது.

"கள்ளச் சாவி வேற வச்சிருக்கான்யா," என்றார் ஒருவர், மெய்யான வியப்போடு.

மீசைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பை. வேட்டியை மடித்துக் கட்ட அது இடைஞ்சலாக இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இதைக் கொஞ்சம் புடி," என்று பையை என்னிடமே கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். என்னை அடிப்பதற்கு வசதியாக என் இரண்டு கையையும் முருங்கைக்காய்க்குக் கொடுத்துவிட்டு நின்றேன். கீழே விழுந்துவிடக் கூடாதே என்கிற கவலை வேறு. ரயில் பெட்டியில் நான் ஆற்றிய உரைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. நாலு சாத்து என்று எத்தனை சுலபமாகச் சொல்லியிருக்கிறேன். அந்த மீசைக்காரரின் உள்ளங்கையைப் பார்த்தபோது, நாலு என்பது பெரிய எண் என்று புரிந்தது.

கை ஓங்கியாயிற்று. நான் கண்ணை மூடியாயிற்று.

"கைய எறக்குயா," என்றார் அந்த அம்மாள். "உன் சைக்கிளா போச்சு? வாத்தியார் வரட்டும். மொத அடி அவுருது. அவுரு அட்ச்சப்புறம் நீ இன்னா வேணா பண்ணிக்கோ."

என்மீது இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த முகத்தில் இரக்கம் பொட்டளவும் இல்லை. கல்யாணத்தில் பெண்ணின் மாமன் வருவதற்குள் எவனோ மாலையை எடுத்துவிட்டான் என்கிற கோபம்தான் இருந்தது. முறை என்று ஒன்று இருக்கிறதில்லையா. கூட்டத்துக்கும் அது நியாயமாகப் பட்டது. பொருளைப் பறிகொடுத்தவருக்கு முதல் அடி, அப்புறம்தான் பொதுமக்கள். வாத்தியார் சர்ச்சில் இருப்பார் என்று சொல்லி, சைக்கிள் வைத்திருந்த ஒருவரை அந்த அம்மாள் விரட்டினார்.

காத்திருந்தோம். அடிக்கிறவர்களும் அடி வாங்குகிறவனும் சேர்ந்து காத்திருப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. என்ன பேசுவது? கொஞ்ச நேரத்தில் மீசைக்காரர், எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். என்ன சம்பளம், குழந்தைகள் எத்தனை என்று கேட்டார். முருங்கைக்காய் தன் வீட்டு மரத்தில் காய்த்தது, மேற்கே தம்பி வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்று அவரும் சொன்னார். நல்ல சதைப்பற்றாக இருக்கிறதே என்றேன். விதை குறைச்சல் என்றார். இப்படிப் பேசிய பிறகு ஒரு மனிதனை அடிப்பது சிரமம். அவர் ஓங்கிய கையை இப்போது எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

எக்ஸ்பிரஸ் தடதடத்துப் போனது. கேட் தூக்கிக்கொண்டது. என் வாழ்க்கையில் நான் கண்ட மகத்தான காட்சி அது. நீதி கேட்டு நின்ற கூட்டத்தில் முக்கால்வாசி, தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடையில் நேரமானால் நல்ல கறி கிடைக்காது. நாட்டைத் திருத்துவது கேட் மூடியிருக்கும்வரைதான்.

மிச்சமிருந்தது அந்த அம்மாள், மீசைக்காரர், இன்னும் சில பொறுமைசாலிகள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கிரீச், கிரீச். ரோட்டு முனை திரும்புவதற்குமுன்னே எனக்குத் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையின் அழுகையைத் தாய்க்குச் சொல்லித்தர வேண்டுமா?

வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, பைபிளைக் கேரியரில் செருகிக்கொண்டு, ஒல்லியான வாத்தியார் ஒருவர் என் சைக்கிளில் வந்து இறங்கினார். முகம் வெளிறிக் கிடந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் இன்னும் வெளிறியது. நேரே என்னிடம் வந்து, நான் ஒன்றும் கேட்பதற்குமுன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், சத்தியமா தெரியாம எடுத்துட்டேன் சார். இருட்டு, மழை. சாவி போட்டேன், தொறந்துகிச்சு. வழியில மணி அடிச்சேன், அடிக்கல. அப்பத்தான் தெரிஞ்சது. திரும்பிப் போனா ஸ்டாண்டு மூடிட்டாங்க. நேத்திலேருந்து நான் திருடனாயிட்டேன் சார்."

இவரைக் கூப்பிடப் போனவர் என்ன சொன்னாரோ, அந்த மனிதர் தனக்குத்தான் தர்ம அடி காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வந்திருக்கிறார். ஆனாலும் வந்திருக்கிறார். எனக்கு அந்தத் தைரியம் இருந்திருந்தால் ஆட்டுக்கு அந்தப் பக்கமே விஷயம் முடிந்திருக்கும்.

மீசைக்காரர் குழம்பிப்போனார். "அப்ப யாரைத்தான் அடிக்கிறது?"

"ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு அட்ச்சிக்கினு வூட்டுக்குப் போங்க," என்றார் அந்த அம்மாள். "காலீல எம் பொழப்பே பேஜாராப் போச்சு." கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். உயிரைக் காப்பாற்றிய அந்த அம்மாளுக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஏதாவது திட்டு விழுந்திருக்கும்.

மொத அடி என்றால் என்ன என்று வாத்தியார் கேட்டார். விளக்கினேன். அவர் முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது. யோசித்துவிட்டு, என் தோளில் இரண்டு விரலால் தட்டினார்.

"என் பங்கு முடிஞ்சுது. உங்க பங்கு?"

நானும் தட்டினேன். பிறகு இரண்டு பேரும் கேட் ஓரத்திலேயே நின்று சிரித்தோம், இருமல் வரும்வரை. 

சைக்கிளை மாற்றிக்கொண்டு மிதிக்கப் போகும்போதுதான் பார்த்தேன், முருங்கைக்காய்ப் பை என் கையிலேயே இருந்தது. மீசைக்காரரைக் காணோம். மறுபடியும் முதலிலிருந்தா என்று தலை சுற்றியது. நல்லவேளை, அவரே தண்டவாளத்தைத் தாண்டி ஓடிவந்தார்.

"சார், நம்ம பை," என்றார்.

நான் மறுபடியும் சார். காய் ஒன்றை உருவிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

திங்கட்கிழமை எங்கள் பெட்டியில் வழக்கம்போல ஒரு திருட்டுச் சேதி வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அதற்கப்புறம் என் கட்சி மாறிவிட்டது. திருடனை மாலை போட்டு அனுப்பு என்று நான் சொல்லவில்லை. எடுத்தவன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் யார் பொருளோ அவர் வரட்டும், என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். கோர்ட்டு என்று பெரிய பெரிய கட்டிடமாகக் கட்டி வைத்திருக்கிறார்களே, அதற்குள்ளே நடப்பதும் அந்த அம்மாள் சொன்ன அந்த ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. கைய எறக்குயா.

எழுபதுகளில் எங்கள் தெருவிலேயே நிஜமான திருடன் ஒருவன் பிடிபட்டான். வேலைக்குப் போகிற ஒருவர் வீட்டுக் கொல்லையிலிருந்து பித்தளைத் தவலையைத் தூக்கிக்கொண்டு சுவர் ஏறியவனை, பட்டப்பகலில் விளக்குக் கம்பத்தோடு கட்டிவிட்டார்கள். நான் கூட்டத்துக்குள் நுழைந்து, முதல் அடி தவலைக்காரருக்கு, அதுதான் முறை என்றேன். ஏதோ பரம்பரைச் சட்டத்தைச் சொல்கிற தொனியில் சொன்னதால் யாரும் மறுக்கவில்லை. தவலைக்காரர் சாயங்கால ரயிலில்தான் வருவார். கட்டை அவிழ்த்து உட்கார வைத்தோம். என் மனைவி மோர் கொடுத்தாள். குழாயில் தண்ணீர் வந்தது, பாதிக் கூட்டம் குடத்தோடு போய்விட்டது. தவலைக்காரர் வந்ததும் முதலில் தவலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நசுங்கவில்லை. அலுப்போடு செருப்பைக்கூடக் கழற்றாமல், "போலீஸ்ல விட்டுட்டு வந்துடலாம் வாங்க," என்றார். அடி விழாமலே அவனைக் கொண்டுபோய் ஒப்படைத்தோம்.

காத்திருக்கும்போது அவன் என்னிடம் ஒன்றுதான் கேட்டான்.

"சார், அவுரு வர்ற ரயிலு லேட்டா?"

லேட்டுதான் என்றேன். "ரொம்ப லேட்டா சார்?" என்றான். சைதாப்பேட்டையில் ஏதோ கோளாறாம், ரொம்பவே லேட்டு என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டான். எனக்கும் ஒரு மூச்சு வந்தது.

எங்கள் லைனில் ரயில் தாமதமானதற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.