மலர்க்கொடி வாங்காத ஏழு புடவைகள்

செய்தி எங்கள் கடைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. கவிதாவின் கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி எடுக்க வேண்டிய புடவைக்கு என்ன நிறம் என்று அன்று காலை ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருந்தது. மயில்கழுத்துப் பச்சைக்கும் வெங்காயச் சருகு நிறத்துக்கும் நடுவே, "மலர் போயிட்டா. இப்பத்தான் அவ தம்பி போன் பண்ணான்" என்று ஒரு வரி விழுந்தது. அதைக் கவனிக்காத ஒருத்தி அதற்குக் கீழேயே, "எனக்குப் பச்சை ஓகே" என்று போட்டாள். நான்கு நாள் காய்ச்சல். இருபத்தேழு வயது.

போடியில் ஏலக்காய்க் கடைகளில் பில் போடுகிற, தரம் பிரிக்கிற பெண்களில் மலர்க்கொடியைத் தெரியாதவர்கள் குறைவு. அவள் எவ்வளவு நல்லவள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வருடம் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் அவள்மேல் பொறாமைப்பட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன். அவள் செத்த பிறகும் அது குறையவில்லை. ராசிங்காபுரத்தில் அவள் வீட்டு முன்னால் தெரு அடைத்து நின்ற கூட்டத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. நான் செத்தால் இதில் பாதியாவது வருமா என்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே சம்பளம். நாங்கள் பில் போட்டு அனுப்பும் ஒரு மூட்டை ஏலக்காய் எங்களுடைய பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். முதலாளி தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து அதைச் சரிக்கட்டிவிடுவார். அந்தச் சம்பளத்தில் இருபதாம் தேதியானால் நான் பஸ்சுக்கு யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அவளும் எல்லா விசேஷத்துக்கும் போனாள், எல்லோரோடும் சுற்றினாள். மாதக் கடைசியிலும் அவள் முகம் முதல் தேதி முகமாகவே இருந்தது.

சிநேகிதி கல்யாணம் என்றால் நாங்கள் எல்லோரும் ஒரே புடவை எடுத்து, ஒரு வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். யார் சட்டம் போட்டது என்று தெரியாது. மீறியவள் மலர் ஒருத்திதான். ஏழு கல்யாணம், நான் எடுத்தது ஏழு புடவை, எல்லாம் தவணைக்கு. எதையும் இரண்டாவது முறை கட்டியதில்லை. அவள் ஏழுக்கும் ஒரே கருநீலச் சுங்குடியில் வந்தாள். முந்தின நாள் சாயங்காலமே போய், பெண்ணின் பட்டுப் புடவைக்கு மடிப்பெடுத்துத் தேய்த்து, கிளிப் மாட்டி வைத்துவிடுவாள். மறுநாள் பெண் அவளைப் பக்கத்தை விட்டு நகர விடமாட்டாள். போட்டோவைப் பார்க்கிறவர்கள், "யாரு இது, பொண்ணோட தங்கச்சியா?" என்று கேட்பார்கள். நான் இடமிருந்து ஐந்தாவது, யாரோ ஒருத்தியின் தோளுக்குப் பின்னால் அரை முகமாக இருப்பேன்.

இந்தப் புடவை ஏற்பாட்டையெல்லாம் செய்யும் ராஜாத்தி ஒரு தடவை மண்டபத்திலேயே கத்தினாள்: "ஏடி மலரு, ஒன்னால எங்க வரிசையே கெட்டுப்போச்சு."

"வரிசையில நிக்கத்தான் ரேஷன் கடை இருக்கே ராஜாத்தி. இங்கேயுமா?"

ராஜாத்தியும் சேர்ந்துதான் சிரித்தாள். அதே பேச்சை நான் பேசியிருந்தால் ஒருத்தியும் சிரித்திருக்க மாட்டாள். எனக்குத் தெரியும்.

என் பிறந்தநாளுக்கு ஏசி ஓட்டலில் பன்னிரண்டு பேருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருத்தி பீஸ் சின்னது என்றாள். மலர் தன் பிறந்தநாளுக்கு ஒரு தூக்குவாளி எலுமிச்சைச் சோற்றோடு எல்லோரையும் டவுன் பஸ்சில் குரங்கணிக்குக் கூட்டிப்போய் ஓடையில் இறக்கிவிட்டாள். இன்றைக்கும் அந்த நாளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். குரங்கணி என் ஊர். நான் நீந்தப் பழகிய ஓடை அது. நான் கொடுப்பதற்கு முன்னால் அதை அவள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டாள். ஓடைக்குப் போகிற வழியில்தான் எங்கள் வீடு. நான் யாருக்கும் காட்டவில்லை.

"கையில இருக்கதுக்குள்ள எத்தனை பேரோட சிரிக்க முடியும்னு பாருடி. அதுக்கு மேல போனா சிரிப்பு வராது" என்பாள். கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வரும். உமாவின் கல்யாணம் நெருங்கியபோது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த எரிச்சல் வெடித்தது.

"ஆறுக்கே தவணை முடியலேங்கிற. ஏழாவது எதுக்குடி? பழசக் கட்டிக்கிட்டு வா" என்றாள்.

"ஒனக்கென்ன, சொல்லுவ" என்றேன். "ராசிங்காபுரத்துல கிணறும் தோட்டமும் இருக்குன்னு ஊருக்கே தெரியும். நீ பழசக் கட்டுனா எளிமைம்பாக. நான் கட்டுனா, தோட்ட வேலைக்காரி மக, வேற என்ன வச்சிருப்பாம்பாக."

என் அம்மா இன்றும் விடியுமுன் ஜீப்பில் இடித்து நெருக்கிக்கொண்டு மலைமேல் ஏலக்காய் எடுக்கப் போகிறவள். பழைய புடவை, அதற்கு மேல் அப்பாவின் பழைய சட்டை. பழசைக் கட்டினால் போடியின் கண்ணுக்கு நான் அம்மாவாகத்தான் தெரிவேன். எனக்கு அது வேண்டாம் என்றுதான் படித்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பழசில் நிற்பதற்குக்கூட நிலம் வேண்டியிருக்கிற ஊரில், முதலில் வெட்கப்பட வேண்டியவள் நான் இல்லை.

மலர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். "நான் இத நெனச்சதே இல்லடி" என்றாள். கை கழுவிவிட்டு வந்து, "சரி. உமா கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் பழசுல போவோம். என் பக்கத்துலயே நில்லு. சொல்றவ என்னையும் சேத்துச் சொல்லட்டும்" என்றாள். நான் தலையாட்டினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கடைக்குப் போய் ஏழாவது புடவையை எடுத்துவிட்டேன். அதற்குச் சற்று முன்னால் ராஜாத்தி போன் பண்ணி, "நீயும் அவள மாதிரி ஆயிராதடி" என்றாள். அது போதுமாக இருந்தது எனக்கு.

மண்டபத்தில் மலர் என்னை விருந்தாளிகளுக்குள் தேடியதை வரிசையில் நின்றபடி பார்த்தேன். பிறகு கண்டுகொண்டாள். நேராக வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். குனிந்து என் புடவையின் கீழ்மடிப்பைப் பிடித்துப் பார்த்தாள். "அவசரத்துல ஃபால்ஸ் தைக்காமக் கட்டிட்டியா? மடங்குது பாரு." தன் முந்தானையில் செருகி வைத்திருந்த இரண்டு பின்னைக் குத்திச் சரிசெய்துவிட்டு, பெண்ணிடம் போய்விட்டாள். மறுநாளும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். அதைப் பற்றி அவள் ஒரு சொல் பேசவில்லை. ஒரு தடவை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். அந்தப் பெரிய மனசைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று நாளைத் தள்ளினேன். மூன்றாவது வாரம் அவளுக்குக் காய்ச்சல்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. குழுவில் மறுபடி புடவைப் பேச்சு வந்துவிட்டது. பச்சைதான் வென்றிருக்கிறது. "மலர் நெனப்பா இந்தத் தடவை ஒருத்தி விடாம எல்லாரும் எடுக்கணும்" என்று ராஜாத்தி எழுதியிருக்கிறாள். ராஜாத்தி, நீ மனசறிந்துதான் எழுதினாயா என்று எனக்குத் தெரியவில்லை.

கவிதா, உன் கல்யாணத்துக்கு நான் கட்டாயம் வருவேன். அந்தப் புடவையை எடுக்க மாட்டேன். நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்னும் மூன்று புடவைக்குத் தவணை பாக்கி இருக்கிறது. பழசைக் கட்டிக்கொண்டு, என் அம்மாவின் மகளாக உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிவேனோ அப்படியே வந்து நிற்பேன். பேசுவீர்கள். அந்தப் பேச்சைப் பங்கு போட்டுக்கொள்ள இனி என் பக்கத்தில் யாரும் இல்லை.

மலரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தப் பொறாமையை மட்டும்தான். மற்ற நல்லதையெல்லாம் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மலரு, பழசில் வந்ததால் உனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. எனக்குக் குறையும். குறைந்தாலும் வருகிறேன். இந்த ஒன்றிலாவது நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்படு.