மூன்றாவது கிளையின் பொந்து

ஹடப்சரில் எங்கள் அடுக்ககத்து மாமரத்தடியில் ஓர் இறகு கிடந்தது. பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள். ஓரம் பஞ்சுபோல மெத்தென்றிருந்தது. மென்பொருளைச் சோதித்துப் பிழைகளைப் பட்டியலிடுவது என் வேலை. பறவைகளை வரையும்போதும் அந்தப் பழக்கம் போகாது. நான்கு நாள் மாலையில் மரத்தடியில் நின்று பார்த்து, புள்ளி ஆந்தைதான் என்று உறுதி செய்துகொண்டேன். பொந்திலிருந்து எட்டிப் பார்த்த முகத்தை நோட்டில் வரைந்து, அருகிலேயே எழுதினேன்: மூன்றாவது கிளை, பன்னிரண்டு அடி உயரம், கிழக்குப் பார்த்த பொந்து. பெருமை தாங்காமல் அதைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

எதிர்வீட்டு அக்கா இதே மராட்டிய நகரத்தின் கட்கிப் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். "அரே, ஆந்தையா அது? இத்தனை நாளா ஏதோ குருவின்னுல்ல நெனச்சேன்!" என்றார். நான் சிரித்தேன்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது பொந்து சிமெண்டால் அடைபட்டிருந்தது.

"வாசல்ல ஆந்தை இருந்தா ஆகாதாம். கமிட்டில முடிவு பண்ணிட்டாங்க," என்றார் அக்கா. "ஆனா நீ எழுதினது பக்காடி! ஏணி வெச்ச உடனே கண்டுபிடிச்சுட்டாங்க."

"உள்ள குஞ்சு இருந்துச்சாக்கா?"

"யாரு பாத்தா?"

பெயர் தெரியாதவரை அது நிம்மதியாக வாழ்ந்தது. பெயரையும் முகவரியையும் கொடுத்தவள் நான்.

அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை. அவ்வப்போது எடுத்து, அதில் ஒரு பிழையாவது இருக்கக்கூடாதா என்று தேடுகிறேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.