எங்கள் கடை பலாப்பழ பன்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் எங்களுக்கு ஒரு பேக்கரி இருக்கிறது. மாமனார் ஆரம்பித்த கடை. அவர் மவுத்தான பிறகு அடுப்பை என் கணவர் பார்த்துக்கொள்கிறார், கல்லாவை நான் பார்த்துக்கொள்கிறேன், எங்கள் இருவரையும் மாமியார் பார்த்துக்கொள்கிறார்.

பன், ரொட்டி, வருக்கி, பிறந்தநாள் கேக். இதுதான் எங்கள் வியாபாரம். மைதாவும் டால்டாவும் உளுந்தூர்பேட்டை வழியாக லாரியில் வந்து இறங்கும். ஜாம் டின்னில் வரும். பைனாப்பிள் கேக்கில் இருக்கிற பைனாப்பிள் ஒரு சின்ன பாட்டில் எசன்ஸ். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் நிற்கும். ஆனால் எங்கள் கடைக்குள் இந்த ஊருடையது என்று சொல்ல போர் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. அதை ஒரு குறையாக நாங்கள் நினைத்ததே இல்லை. பேக்கரி என்றால் அப்படித்தான் என்று இருந்தோம்.

ஒரு பக்ரீத் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, கடையைச் சாத்திவிட்டு அருவி பார்க்கக் கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். சரக்கு ஏற்றுகிற குட்டியானை வண்டிதான் எங்கள் கார். அவர் ஓட்ட, மாமியாரும் நானும் முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் ஏறும்போதே தூறல் பிடித்துவிட்டது. வெள்ளிமலையைத் தாண்டியதும் கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. ரோட்டோரம் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டின் முன்னால் வண்டியை ஓரங்கட்டினோம்.

வாசலில் என்னைப் போல நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். "வண்டிக்குள்ள எதுக்கு குந்திகினு இருக்கீங்க? வாங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள். அவள் கணவர் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து மாமியாரைக் கைப்பிடித்து இறக்கினார்.

தகரத்துக்குக் கீழே கால் வைக்க இடமில்லை. எல்லாம் பலாப்பழம். சுவரோரம் அடுக்கி, கட்டிலுக்கடியில் தள்ளி, மிச்சம் மழையிலேயே கிடந்தது. அந்த வாசனையை உள்ளே இழுத்ததும் மாமியாரின் முகம் மாறியது. அவருக்கு சுகர். டாக்டர் தின்னக்கூடாது என்று சொன்ன சாமான்களில் பலாப்பழம் முதலில் இருக்கிறது.

அந்த அண்ணன் ஒரு பழத்தை அறுத்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளைகளை எடுத்து முறத்தில் போட்டார்.

"அம்மா, சுகரு" என்றார் என் கணவர்.

"ஒரு சுளை இன்னா பண்ணப்போவுது?" என்றார் மாமியார். அந்த ஒரு சுளையை மழை விடுகிற வரைக்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இவ்வளவு பழம் எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்டேன்.

"வருஷா வருஷம் யாவாரி வந்து மரத்தையே பேசிடுவாருங்க" என்றார் அண்ணன். "இந்த வருஷம் பண்ருட்டியிலயே ஜாஸ்தி காய்ச்சிடுச்சாம். மலைப்பழம் வாணாம்னுட்டாரு. மாடு துன்னுது, நாங்களும் துன்றோம், அப்பவும் தீரல. பக்கத்து வூட்லயும் இதே கதைதான்."

கிளம்பும்போது என் கணவர் பணம் எடுத்தார். அந்தப் பெண் வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். "அழுவிப்போறதுக்கு எதுக்கு துட்டு? வண்டி சும்மாதான போவுது, ஏத்துங்க" என்று சொல்லிக்கொண்டே அவளே தூக்கித் தூக்கி வைத்தாள். அருவியைப் பார்க்காமல், பின்னால் பலாப்பழங்கள் உருள, மலை இறங்கினோம்.

வீட்டுக்கு வந்து தெருவில் எல்லோருக்கும் கொடுத்தும் பாதி மிச்சம். மூன்றாம் நாள் வாசனை கடை வரைக்கும் வந்துவிட்டது. மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்த நேரத்தில், நான் சுளையைப் பொடியாக நறுக்கி, பிசைந்து வைத்திருந்த பன் மாவுக்குள் வைத்து மூடி அடுப்பில் தள்ளினேன். சாறு வெளியே ஓடி ட்ரேயில் தீய்ந்து, பன் ஒவ்வொன்றும் ட்ரேயோடு ட்ரேயாக ஒட்டிக்கொண்டது. புகை வாசனைக்கு அவர் எழுந்து வந்தார். கரண்டியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார்.

சுரண்டி முடித்த பிறகுதான் பேசினார். "பன்னுன்னா தேங்கா பன்னு இருக்குது, ஜாம் பன்னு இருக்குது. ஜனங்களுக்கு அது போதும்."

"அந்த ஜாம்ல இன்னா பழம் இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் டின்னை எடுத்துப் படித்துப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் சுளையை அரைத்து, அடிகனமான சட்டியில் வெல்லம் போட்டுக் கிளறினேன். சங்கராபுரம் பக்கத்தில் சொந்தக் கரும்பை ஆட்டித் தாங்களே காய்ச்சுகிற ஒரு குடும்பத்து வெல்லம் அது. எங்கள் வீட்டு டீக்கு அவர்களிடம்தான் வாங்குவோம், கடைக்கு வாங்கியதில்லை. கொஞ்சம் நெய், ஏலக்காய். சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கை ஓயக் கிளறி, ஆறவைத்து, உருண்டை பிடித்து பன்னுக்குள் வைத்தேன். இந்த முறை அடுப்புக்குப் பக்கத்தில் அவரும் வந்து நின்றார். பன் உப்பி, மேலே பழுப்பேறி வந்தது. ஒன்றைப் பிட்டு ஊதி வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றையும் எடுத்தார். "உப்பு ஒரு சிட்டிகை கம்மி" என்றார். அவர் பாராட்டுகிற முறை அதுதான் என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் கண்ணாடிப் பெட்டியில் வைத்த பன் எல்லாம், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பஸ் ஏறுவதற்குள் தீர்ந்துவிட்டன. மறுநாள் அவர்களுடைய அம்மாக்கள் வந்தார்கள். அந்த வார முடிவில் எங்களிடம் பழம் இல்லை.

அன்று கிளம்பும்போது நம்பர் வாங்கி வைத்திருந்தேன். மலைக்காரப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "அக்கா, இன்னும் பழம் இருக்குதா?"

"இருக்குதாவா? வூட்டுக்குள்ள நடக்க வழி இல்ல" என்றாள்.

இந்த முறை விலை பேசினோம். அவள் ஒரு விலை சொன்னாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மாமியார் போனை என் கையிலிருந்து பிடுங்கினார். "தாயி, அந்த வெலைக்கு நான் அன்னிக்கு துன்னதுகூட வராது. ஏத்திச் சொல்லு" என்றார். வாங்குகிறவள் ஏற்றவும் விற்கிறவள் இறக்கவுமாகக் கொஞ்ச நேரம் போனது. கடைசியில் மாமியார்தான் ஜெயித்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சட்டியைப் பார்த்தேன்.

அடுத்த பிரச்சினை, பழத்தை எப்படி இறக்குவது என்பது. தினமும் வண்டி போய்வந்தால் டீசலுக்கே சரியாகப் போய்விடும். மலையிலிருந்து காலையில் ஒரு பஸ் வருகிறது. அதில் ஏற்றிவிடச் சொன்னோம். அந்த பஸ் கண்டக்டர் முதல் நாளே எங்கள் கடை வாசலில் இறங்கி நின்றார்.

"இன்னா பாய், இது பஸ்ஸா இல்ல பழமண்டியா? வளைவுல திரும்பும்போது ஒண்ணு உருண்டு வந்து என் கால்மேல குந்திச்சி" என்றார்.

அவர் சொல்வதும் நியாயம்தான். அவருக்கு டீயும் சூடாக ஒரு பன்னும் கொடுத்து உட்கார வைத்தோம். உள்ளே இருந்து மாமியார் கேட்டார். "தோலு, சடை எல்லாத்தையும் எதுக்கு பஸ்ல ஏத்திகினு வரணும்? அங்கயே உரிச்சி சுளையை ஒண்டி அனுப்பலாம்ல?"

யாருக்கும் அது அதுவரை தோன்றவில்லை. மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணும் பக்கத்து வீட்டுப் பெண்களும் விடிகாலையில் சேர்ந்து உட்கார்ந்து உரித்து, மூடி போட்ட தூக்கில் சுளையை மட்டும் அனுப்பினார்கள். தோல் அங்கேயே மாட்டுக்குப் போனது. கொட்டை அவர்கள் வீட்டுக் குழம்புக்குப் போனது. அடுத்தடுத்த வீடுகளிலிருந்தும் தூக்கு வர ஆரம்பித்தது. எது யாருடையது என்று தெரிய, கைப்பிடியில் கலர் கலராகத் துணி கட்டியிருப்பார்கள். கண்டக்டருக்கு அந்தக் கலர் எல்லாம் அத்துப்படி. எங்கள் கடைக்கு முன்னால் ஸ்டாப்பிங் கிடையாது. ஆனால் பஸ் நிற்கும். "பன்னு கடை எறங்கு" என்று அவர் குரல் கேட்டால் அடுப்பு மூட்டலாம் என்று அர்த்தம்.

ஆவணி பிறக்கும்போது பழம் முடிந்துவிட்டது. கடைசித் தூக்கோடு அந்த அண்ணனே வந்தார். கண்ணாடிப் பெட்டியில் அவருடைய பழத்து பன்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரான் யாரோ சைக்கிளை நிறுத்தி இரண்டு வாங்கிக்கொண்டு போனதும் என்னிடம் திரும்பி, "இவங்கல்லாம் யாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியலண்ணா. தெனமும் வராங்க."

அவர் சிரித்தார். பிறகு, "கார்த்திகை வாக்குல சாமை அறுப்போம். அதுல எதுனா பண்ண முடியுமா?" என்றார்.

பண்ண முடியும் என்று நான் சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்குத் தெரியாது. சாமை மாவு வந்ததும் பிஸ்கட் போட்டேன். கையில் எடுத்தால் மணலாக உதிர்ந்தது. மாமியார் அதைக் கிண்ணத்தில் போட்டுப் பாலை ஊற்றி, "கஞ்சி நல்லா இருக்குது" என்றார். அப்போதுதான் என் கணவருக்கு ரோஷம் வந்தது. கோதுமை மாவை எவ்வளவு சேர்ப்பது, வெண்ணெயை எவ்வளவு ஏற்றுவது என்று ஒரு வாரம் அடுப்படியிலேயே கிடந்தார். வெண்ணெய்க்கு ரிஷிவந்தியத்தில் மாடு வைத்திருக்கிற ஒரு வீட்டைப் பிடித்தார். வேர்க்கடலையை உடைத்துப் போட்டார். கடைசியில், வாயில் வைத்தால் கரைந்து கையில் எடுத்தால் நிற்கிற ஒரு பிஸ்கட் வந்தது. இப்போது வருகிறவர்களிடம் எல்லாம், "மலையில சாமை கெடக்குது, யாருக்கும் தோணல, நான்தான் கண்டுபுடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மறுப்பதில்லை.

அந்தப் பிஸ்கட்டுக்கென்றே சங்கராபுரத்திலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டியில் இன்னும் டின் ஜாம் பன் இருக்கிறது, கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். லாரியும் வருகிறது. ஆனால் அது இறக்கிவிட்டுப் போகிற மூட்டைகள் குறைந்திருக்கின்றன.

இந்த மாசியில் மலைக்காரப் பெண் போன் செய்தாள். அவள் மகள்வழிப் பேத்திக்கு முதல் பிறந்தநாள், கேக் வேண்டும் என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். அவர்கள் சாமை, அவர்கள் மலைத்தேன், போன வருஷம் கிளறி எடுத்து வைத்த பலாப்பழம், எல்லாம் போட்டு ஒரு கேக் செய்து கொண்டுவருகிறேன் என்று அடுக்கினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "அக்கா, அதெல்லாம் எங்க வூட்லயே கெடக்குது. எங்களுக்கு க்ரீம்ல பூ போட்ட கேக்கு வேணும். ரோஸ் கலர்ல. மேல செர்ரி வெச்சி."

வாயை மூடிக்கொண்டு ரோஸ் கலர் கேக் செய்தோம். கணவர் கோன் பிடித்துச் சுற்றிலும் ரோஜா போட்டார். அவருக்குத் தெரிந்த பெரிய ரோஜா எல்லாவற்றையும் போட்டார். குட்டியானையில் நான் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வளைவுக்கு வளைவு கேக் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "மெதுவா போங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அங்கே போய் அட்டைப்பெட்டியைத் திறந்தபோது மேல் அடுக்கு கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து தூக்கு அனுப்புகிற பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கைப்பிடித் துணியின் கலராக மட்டும் தெரிந்தவர்களை அன்றுதான் முகமாகப் பார்த்தேன். பச்சைத் துணிக்காரியும் சிவப்புத் துணிக்காரியும் அக்கா தங்கை என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கத்தியை எடுப்பதற்குள் குழந்தை இரண்டு கையையும் க்ரீமுக்குள் விட்டுவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் அதன் கன்னத்திலிருந்து கொஞ்சம் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டார். மாமியார் என் கணவரின் கண்ணில் படாமல் சுவரோரம் போய் நின்று ஒரு துண்டு சாப்பிட்டார். கணவர் பார்த்தார், பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டார்.

எல்லோருக்கும் அறுத்துக் கொடுத்த பிறகு, அந்தப் பெண் தனக்கென்று ஒரே ஒரு ரோஜாவை மட்டும் இலையில் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். முடித்து விரலைச் சப்பினாள்.

"நல்லா இருக்குதுக்கா" என்றாள். "அடுத்த தபா கேக்கு வாணாம். பூவை மட்டும் செஞ்சி எடுத்துனு வாங்க."