வாழைக்குத் தாலி கட்டியவன் கல்யாணமாகாதவனா?

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காக யோசித்துக்கொண்டே இருந்தேன். சாமி காரியத்தை வைத்துச் சிரித்த பாவம் வந்து சேருமோ என்று ஒரு பயம். பட்டாளத்தை வைத்துச் சிரித்தால் மகன் வேலைக்கு ஏதும் ஆகுமோ என்று இன்னொரு பயம். இந்த ரெண்டையும்விடப் பெரிய பயம் என் வீட்டுக்காரி. "குடும்ப மானத்தைக் கொண்டுபோய்க் காயப்போடாதீக" என்று சொல்லிவிட்டாள். மிளகாயைத் தவிர வேறெதையும் காயப்போட்டு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இந்தக் கதை இப்போது ஊருக்குள் ஆளுக்கு ஒரு மாதிரி நடமாடுகிறது. அதனால்தான் குலசாமியைக் கும்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். எட்டாவது வரைதான் படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் ஆடு. ஒரே மகன். மதுரையில் இன்ஜினியரிங் படித்தான். படிப்பு முடிந்ததும் சொந்தத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து முடித்துவிடலாம் என்று கடைசி வருஷத்திலேயே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு சாயல்குடி ஜோசியரிடம் போனோம். அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி உச்சுக் கொட்டினார். முதல் தாரம் நிலைக்காதாம். பயப்பட வேண்டாம், முதல் தாரமாக ஒரு வாழை மரத்துக்குத் தாலி கட்டி, கையோடு அதை வெட்டிவிட்டால் தோஷம் அதோடு போய்விடும், அப்புறம் வருகிறவள் நூறு வயசு இருப்பாள் என்றார்.

எங்கள் பக்கம் வாழைக்கு எங்கே போக? குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு நிற்கிற ஊர். என் மச்சினன் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன், எதற்கும் அஞ்சாதவன். ஆர்.எஸ்.மங்கலத்தில் கண்மாய்த் தண்ணீர் பாய்கிற இடத்தில் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று போய், நாலைந்து மாசக் கன்று ஒன்றை வேரோடு பெயர்த்து, ஈரச்சாக்கில் சுற்றி, என்னையும் கூட வைத்துக்கொண்டு பஸ் ஏற்றினான். கண்டக்டர் லக்கேஜ் போட வேண்டும் என்றார். மச்சினன் அசரவில்லை.

"லக்கேஜ் இல்லப்பா, கல்யாணப் பொண்ணு. பொம்பளைக்கு டிக்கெட்டு இல்லைல்ல?"

"அது டவுன் பஸ்சுல. இது ரூட்டு பஸ்சு. பொண்ணுக்கு முழு டிக்கெட்டு எடுங்க" என்றார் கண்டக்டர்.

எடுத்தோம். மருமகளை நான் மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

குலசாமி கோயிலில் காரியம் நடந்தது. பெண் வீட்டு ஆளாக ஒருத்தர் நிற்க வேண்டும் என்று ஜோசியர் சொன்னதால் மச்சினனே பெண்ணுக்குத் தகப்பனாக நின்றான். மகன் தலையைக் குனிந்துகொண்டே மஞ்சள் கயிற்றைக் கட்டினான். அவன் சிரித்தானா வெட்கப்பட்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அரிவாளால் ஒரே வெட்டு. வெட்டியதை வேரோடு தண்ணீரில் விட வேண்டும் என்பது ஜோசியர் கட்டளை. ஊருணியில் தண்ணீர் இல்லை. என் வீட்டுக்காரியும் வேர் இருக்கிற ஒரு பச்சையைத் தூக்கிப் போடுகிற சாதியில்லை. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் அந்தக் கட்டையை யாருக்கும் சொல்லாமல் ஊன்றி வைத்துவிட்டாள்.

படிப்பு முடித்த மகன், கல்யாணம் இப்போது வேண்டாம், பட்டாளத்தில் ஆபீசர் வேலைக்குப் பரீட்சை எழுதப் போகிறேன் என்றான். எங்கள் பக்கம் பட்டாளத்துக்குப் போகாத வீடு குறைவு. ஆனால் சல்யூட் அடிக்கப் போனவர்கள்தான், வாங்கப் போனவர் யாருமில்லை. மச்சினனுக்குத் தலைகால் புரியவில்லை. எழுத்துப் பரீட்சைக்கு முன்னாலேயே எங்கள் வீட்டில் மெடிக்கல் தொடங்கிவிட்டது. முட்டியை ஒட்டி நிற்க வைத்தால் கணுக்கால் ரெண்டும் ஒட்டுகிறதா என்று பார்த்தான். காலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் மிதிக்கச் சொல்லி, பாதம் தட்டையா குழியா என்று குப்புறப் படுத்து ஆராய்ச்சி பண்ணினான். நிறம் தெரிகிறதா என்று பழ மிளகாயையும் பச்சை மிளகாயையும் கலந்து பொறுக்கச் சொன்னான். எனக்கு அதில் ஒரு மூட்டை வேலை மிச்சம். மூச்சை இழுத்து நெஞ்சு விரிகிறதா என்று என் வேட்டியைக் கிழித்து அளந்தான்.

"மாப்ளை, அங்கன வெக்கமே கிடையாது. எல்லாத்தையும் அவுக்கச் சொல்லுவான். குனிஞ்சு இருமச் சொல்லுவான். மூலம் இருக்கான்னு பாக்குறது. இப்பவே பழகிக்க" என்றான். என் வீட்டுக்காரி அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பரீட்சையில் தேறினான். பெங்களூரில் அஞ்சு நாள் வைத்துச் சோதித்தார்கள். அதிலும் தேறினான். அடுத்தது மெடிக்கல்தான் என்று சந்தோஷத்தில் இருந்த அன்றைக்கு, மச்சினன் போனில் விதிமுறைகளை எல்லாம் படித்துக்கொண்டு வந்தான். வயசு சரி, படிப்பு சரி, உயரம் சரி. அப்புறம் குரலைத் தாழ்த்தினான். கல்யாணம் ஆகியிருக்கக் கூடாதாம். அது மட்டுமில்லை, பெண்டாட்டியை இழந்தவனும் கல்யாணமாகாதவன் கணக்கில் வர மாட்டானாம்.

எனக்கு அரிவாள் ஞாபகம் வந்தது.

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சாமி சன்னதியில் கட்டின தாலி. பொய்யென்றால் எதற்குக் கட்டினோம்? மெய்யென்றால் இவன் பெண்டாட்டி செத்தவன். கல்யாணமாகாதவன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறானே, அது என்ன கணக்கு? அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரி மெல்ல ஒரு சங்கதியைச் சொன்னாள். கட்டை துளிர்த்துவிட்டதாம். கொல்லைக்குப் போய்ப் பார்த்தோம். வெட்டின இடத்திலேயே குருத்து வந்து, ஆள் உயரம் தாண்டி, பூவும் தள்ளிவிட்டிருந்தது. மிளகாய்க் களத்திலேயே கிடந்த நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

"அப்ப பொண்டாட்டி சாகலை. மாசமா இருக்கா" என்றான் மச்சினன்.

மறுநாள் ஜோசியரிடம் போனேன். அய்யா, கல்யாணம் மெய்யா பொய்யா, ஒன்று சொல்லுங்கள் என்றேன். மெய்யென்றால் வேலை போச்சு. பொய்யென்றால் தோஷம் போகவில்லை. அவர் கட்டத்தை இன்னொரு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, சாமி கணக்கில் மெய், சர்க்கார் கணக்கில் பொய் என்றார். சாமிக்கும் சர்க்காருக்கும் தனித்தனி நோட்டுப் போட்டு வைத்திருக்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். உள்ளதைச் சொல்லிவிடு, அப்புறம் நடக்கிறது நடக்கட்டும் என்று.

"யாரும் கேக்க மாட்டாக அய்யா."

"சாமி கேக்கும்லே."

"சாமி என்ன பட்டாளத்துலயா இருக்கு?"

நம் குலசாமி கையில் வாளும் பக்கத்தில் குதிரையுமாக ஊர் எல்லையில் காவல் நிற்கிறதே, அது பட்டாளம் இல்லாமல் வேறென்ன என்று கேட்டேன். ஆனாலும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டான். கோபமில்லை, கெஞ்சலாகத்தான் சொன்னான். "அய்யா, இதுக்காக ரெண்டு வருசமா ஓடுறேன். ஒரு வாழை மரத்தால போச்சுன்னா நான் யார்ட்டப் போயி அழுவேன்?"

எனக்கும் அது புரியாமல் இல்லை. ராமேஸ்வரம் கூட்டிக்கொண்டு போய் எல்லாத் தீர்த்தத்திலும் அவனை நிறுத்தினேன். வாளி வாளியாய்த் தலையில் ஊற்றினார்கள். தப்பு ஏதும் இருந்தால் இதோடு கழுவிவிடு சாமி என்று வேண்டிக்கொண்டேன். நேரே மெடிக்கலுக்குப் போனான்.

திரும்பி வரும்போது முகம் செத்திருந்தது. முட்டி சரி, பாதம் சரி, கண் சரி, குனிந்து இருமினதும் சரி. காதுதான் தகராறு. உள்ளே அழுக்கு அடைத்துக்கொண்டு சவ்வே தெரியவில்லையாம். தற்சமயம் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். சுத்தம் பண்ணிக்கொண்டு சில வாரத்துக்குள் வேறொரு பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மறுபடி காட்ட வேண்டும். அங்கேயும் இல்லை என்றால் இல்லைதான்.

"அக்கா சனிக்கிழமை தவறாம எண்ணெய் ஊத்துச்சு. மச்சான் தீர்த்தத்தை ஊத்துனாரு. நடுவுல காது தாளிச்சுப் போச்சு" என்றான் மச்சினன். ஊரே சிரித்தது. எனக்கு மட்டும் வேறு மாதிரி பட்டது. காதை அடைத்தது அழுக்கில்லை, சொல்லாமல் விட்ட சொல்.

ராமநாதபுரத்தில் காது டாக்டர் ஒருத்தர் உறிஞ்சி எடுத்து விட்டார். மறு மெடிக்கலுக்கு நானும் கூடப் போனேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது என்று ரயிலில் சத்தியம் கேட்டான் மகன். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியம் பண்ணவில்லை.

அவன் உள்ளே இருந்தபோது, வராந்தாவில் உடுப்புப் போட்ட ஒரு டாக்டரம்மா டீ குடித்துக்கொண்டு நின்றார். போனில் தமிழில் பேசினார். அவ்வளவுதான், என் கால் தானாக எழுந்துவிட்டது. கும்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தோஷம், பஸ், தாலி, அரிவாள், துளிர்த்தது, பூத் தள்ளினது, ஒன்றும் விடவில்லை. பையன் கெட்டவன் இல்லையம்மா, ஆனால் சாமிக்கு முன்னால் கட்டினது, நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றேன். மகனுடைய ரெண்டு வருஷத்தை என் கையாலேயே வெட்டுகிறேனோ என்று அப்போதுதான் உறைத்தது.

அவர் சிரிக்கவில்லை. டீக் கிளாஸைச் சுவர்மேல் வைத்தார்.

"தாலி கட்டும்போது பொண்ணுக்கு என்ன வயசு?"

"நாலஞ்சு மாசக் கன்னுங்கம்மா."

"பதினெட்டு வயசு ஆகலையேய்யா. அந்தக் கல்யாணம் எப்படிச் செல்லும்?"

சொல்லிவிட்டு, இதை வெளியே பெரிதாகப் பேசாதீர்கள், சின்னப் பெண்ணைக் கட்டி வைத்ததற்குப் போலீஸ் வந்தால் முதலில் உங்களைத்தான் பிடிக்கும் என்றார். அப்போதுதான் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அது விளையாட்டுக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஜோசியரால் அவிழ்க்க முடியாத முடிச்சை அந்த அம்மா வாயில் இருந்துகொண்டு அவிழ்த்தது யார் என்பதும் எனக்குத் தெரியும். சாயங்காலம் மகன் வந்தான். காது சரி, எல்லாம் சரி என்றான். யாரிடமாவது பேசினீங்களா என்று கேட்டான். உன் பெண்டாட்டி கல்யாண வயசு ஆகாதவள் என்று சர்க்காரே சொல்லிவிட்டது என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் காப்பி வாங்கிக் கொடுத்தான்.

இன்றைக்கு அவன் ஆபீசர். வடக்கே எங்கோ பனியில் நிற்கிறான். பயிற்சி முடிந்த அன்று அவன் தோளில் நட்சத்திரம் குத்த எங்களையும் கூப்பிட்டார்கள். அந்த வாழையின் பக்கக்கன்று போட்ட தாரில் ஒரு சீப்பை என் வீட்டுக்காரி மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மூத்தவள் வீட்டுச் சீர் என்று சொல்லி மகனிடம் கொடுத்தாள். அவன் அதைக் கூட இருந்தவர்களுக்குப் பங்கு வைத்தான். என்ன பழம் என்று அவர்களுக்குச் சொன்னானா தெரியாது.

போன மாசம் பெண் கொடுக்க ஒரு வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்க மகனுக்கு முன்னாடியே ஒரு கல்யாணம் ஆகி, அந்தப் புள்ளைய ஏதோ பண்ணிட்டதா..." ஊர் வாய் அந்த அளவுக்குப் போயிருந்தது. ஒருத்தன் பெண்ணை விரட்டிவிட்டதாகச் சொல்கிறானாம். இன்னொருத்தன் வெட்டினதாகவே சொல்கிறானாம். நான் பதில் சொல்லாமல் அவர்களைக் கொல்லைக்குக் கூட்டிப்போனேன். கன்றும் கன்றின் கன்றுமாக ஒரு குடும்பமே நின்றது. முதலில் இருந்து கடைசி வரை சொன்னேன். அந்த அம்மா மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த மண்ணில் இப்படி வளர்கிற சாதி எங்கள் பக்கம் கிடையாது, ஒரு கன்று கிடைக்குமா என்றார். என் வீட்டுக்காரி உடனே கடப்பாரையை எடுத்தாள். தை மாதம் கல்யாணம்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வாழையைப் பெண்ணாக்க வேண்டாம். டாக்டரம்மா சொன்னதில் ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வெட்டினோம் என்று சொல்கிறவர்கள், துளிர்த்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.