பன்னிரண்டாவது வீடும் ஒரு டார்ச் லைட்டும்

ஜீவமணிக்கு வீடு காட்டிக் காட்டியே புரோக்கர் செந்தூர்பாண்டிக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஒன்றா இரண்டா, பதினோரு வீடு. ஒரு வீட்டில் சுவர் ஈரம் கோத்திருக்கிறது என்றான். இன்னொன்றில் புதுப் பெயின்ட் இடுப்பு உயரத்துக்கு மட்டும் அடித்திருக்கிறது, அடியில் வெள்ளம் நின்ற கறை இருக்கும் என்றான். இன்னொன்றில் குழாய்த் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்து, "உப்பு" என்று துப்பிவிட்டு இறங்கியே போய்விட்டான். தூத்துக்குடியில் போர் தண்ணி உப்புக் கரிக்காமல் பதநீராகவா வரும்? அதை அவனிடம் யார் எடுத்துச் சொல்வது.

குறை கண்டுபிடிப்பதுதான் அவனுக்குச் சோறு போடுகிற தொழில். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் பதினாறு வருஷமாக சர்வேயர். காலிப் பெட்டிகள் வந்து வரிசையில் நிற்கும். சுற்றி வந்து தட்டிப் பார்ப்பான். ஒடுக்கு இருந்தால் சாக்பீஸால் வட்டம் போடுவான். கடைசியில் பெட்டிக்குள் போய் நின்றுகொண்டு கதவை வெளியிலிருந்து மூடச் சொல்வான். உள்ளே கும்மிருட்டு. எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. அந்த வழியாக மழை இறங்கும், ஏற்றுகிற சரக்கு நாசமாகும். லைட் டெஸ்ட் என்று இதற்குப் பேர். அதே கூத்தை வாடகை வீட்டிலும் நடத்துவான் என்று செந்தூர்பாண்டி கனவிலும் நினைக்கவில்லை. ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு உள்ளே நின்றுகொண்டு, "அண்ணாச்சி, கதவச் சாத்துங்க" என்பான். அண்ணாச்சியும் பல்லைக் கடித்துக்கொண்டு சாத்துவார்.

முன்பெல்லாம் இவன் இப்படிப்பட்ட ஆள் இல்லை. எல்லாம் 2023 டிசம்பர் மழைக்குப் பிறகு வந்த வினை. அந்த இரண்டு நாளும் அவன் யார்டில் மாட்டிக்கொண்டான். சுற்றிலும் தண்ணீர், போன் செத்துவிட்டது. கீழ்த்தள வாடகை வீட்டில் மனைவி ரேச்சலும் ஏழாவது படிக்கிற மகள் ஜெஸ்லினும் தனியாக இருந்தார்கள். மூன்றாம் நாள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து அவன் போய்ச் சேர்ந்தபோது, ரேச்சல் ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "பிள்ளையும் நானும் மாடில ஏறிட்டோம். நல்லாத்தான் இருந்தோம்." அவனும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை. அன்று முதல் அவனுக்கு ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை. ரேச்சலின் அண்ணன் வீட்டில், நாசரேத்தில், மூன்று பேரும் ஒரே அறையில் அஞ்சரை மாதமாக ஒண்டியிருக்கிறார்கள். அவன் தினமும் பைக்கில் தூத்துக்குடிக்கு வந்துபோகிறான்.

இன்று காலையில் ரேச்சல் கறாராகச் சொல்லிவிட்டாள். "இங்கன பாருங்க, அடுத்த வாரம் பள்ளிக்கூடம் தெறக்கப் போவுது. இந்த வீட்டுக்கும் நொட்ட சொன்னீங்கன்னா நான் ஜெஸ்லின நாசரேத்துலயே சேத்துருவேன். நாங்க அங்கனயே இருந்துக்கிடுதோம். நீங்க தூத்துக்குடில எந்தப் பொட்டிக்குள்ள வேணும்னாலும் இருந்துக்கிடுங்க." சொன்னதைச் செய்கிறவள் அவள். அது பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவனுக்குத் தெரியும்.

பன்னிரண்டாவது வீடு முதல் மாடியில் இருந்தது. கீழே வண்டி நிறுத்தும் இடம், மேலே மொட்டை மாடி. காயல்பட்டினத்துக்காரர் கட்டியது. அவர் துபாயில் இருக்கிறார், அவர் மனைவி பல்கீஸ் பக்கத்து வீட்டிலேயே இருந்து எல்லாம் பார்த்துக்கொள்கிறாள். இருட்டுகிற நேரம், ரேச்சலும் கூட வந்திருந்தாள். ஜீவமணி மூன்று முறை சுற்றி வந்தான். சுவரில் ஈரமில்லை. தரை சரிவு சரியாக இருந்தது. பெயின்ட் மேலிருந்து கீழ்வரை ஒரே வயசு. குறை கிடைக்காததே அவனுக்குப் பெரிய குறையாகிவிட்டது. கையிலிருந்த டார்ச்சை அணைப்பதும் போடுவதுமாக நின்றான். செந்தூர்பாண்டி கண்ணை மூடிச் செந்தூர் முருகனை நினைத்துக்கொண்டார்.

"தம்பி, எல்லாம் பாத்தாச்சுல்லா? நான் போயி அந்த அம்மாவக் கூட்டியாரேன், கையெழுத்துப் போட்டுருவோம்." அவன் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி படியிறங்கிவிட்டார்.

"ஏளா, ரேச்சல், ஒரு நிமிசம். நீ அந்தப் படுக்கை ரூமுக்குள்ள நில்லு. நான் பால்கனில நின்னு டார்ச் அடிக்கேன். மூடுன ஜன்னல் இடுக்கு வழியா எங்கனயாவது வெளிச்சம் தெரியுதான்னு சொல்லு. கடல்காத்து மழைய அந்தப் பக்கத்துலேர்ந்துதான் அடிக்கும்."

அவள் தயங்கினாள். "அண்ணாச்சி வரட்டுமே."

"ஒரு நிமிசம்தாம்ளா."

அவள் உள்ளே போனாள். அவன் கதவை இழுத்து மூடினான். யார்டில் பெட்டியைப் பார்த்து முடித்து வெளியே வந்து கதவை மூடினால் அடுத்த நொடி கொண்டியைத் தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் காற்றுக்குத் திறந்து ஆளை அடிக்கும். பதினாறு வருஷப் பழக்கம். கை தானாக வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டது.

பால்கனிக்குப் போய் ஜன்னலோரம் டார்ச்சை அடித்தான். "தெரியுதா?"

டார்ச்சை ஜன்னலின் மறு ஓரத்துக்கு நகர்த்தினான்.

"ஏளா, தெரியுதா இல்லியா?"

கதவு இடிபடுகிற சத்தம் கேட்டது. தட்டுவது இல்லை, உடம்பையே கொண்டு மோதுவது. "தெறங்க! தெறங்கன்னுதேன்லா! யாராவது தெறங்களேன்!" அது ரேச்சலின் குரல் மாதிரியே இல்லை. அவன் ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கினான். வெளியே வந்தவளுக்குப் புடவையெல்லாம் வேர்வை. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவனும் எதிரே உட்கார்ந்தான்.

அவளாகவே சொன்னாள். "அன்னைக்கு மாடில உடனே ஏறலங்க. மாடிப்படி கிரில் கேட்டு பூட்டிக் கெடந்துச்சு. சாவி வீட்டுக்காரர்ட்ட, அவரு சென்னைல. வீட்டுக்குள்ள தண்ணி கட்டில் உசரத்துக்கு வந்துட்டு. நான் ஜெஸ்லினத் தோள்ல தூக்கிவச்சுக்கிட்டு அந்தக் கேட்டப் புடிச்சிக்கிட்டு நின்னேன். ரெண்டு மணி நேரம் கத்துனேன். மழைச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? பெறவு எதுத்த வீட்டுப் பையன் பெவின் கம்பியக் கொண்டாந்து பூட்ட ஒடைச்சான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

கேட்ட பிறகுதான் காரணம் அவனுக்கே விளங்கியது. பழைய வீட்டு ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தது. 'மாடிப்படி கேட்டின் சாவி உரிமையாளர் வசமே இருக்கும்.' வீட்டுக்காரர் அதை வாசித்துக் காட்டியபோது, "பரவாயில்ல சார், நமக்கு மாடில என்ன வேல" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டவன் இவன்தான். பக்கத்தில் ரேச்சல் நின்றிருந்தாள். பதினோரு வீட்டில் தண்ணீர் உள்ளே வருகிற ஓட்டையைத் தேடித் தேடி அலைந்தவன், ஆள் வெளியே போகிற வழியை ஒரு வீட்டில்கூடப் பார்க்கவில்லை. அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

செந்தூர்பாண்டி பல்கீஸை அழைத்துக்கொண்டு வந்தார். கையில் ஒப்பந்தத் தாள். ஜீவமணி எழுந்து வாங்கி வாசித்தான். ஏழாவது வரியில் விரல் நின்றது. மொட்டை மாடிச் சாவி இங்கேயும் உரிமையாளர் வசம்தான்.

"அக்கா, இந்த மாடிச் சாவி எங்களுக்கு வேணும்."

"அது மட்டும் கேக்காதீங்க தம்பி. முன்ன இருந்தவங்க மாடி முழுக்கக் கருவாடு காயப் போட்டு, தெருவே மூக்கப் புடிச்சிட்டு எங்கிட்ட சண்டைக்கு வந்துச்சு."

"நாங்க கருவாடு போட மாட்டோம். சாவி இல்லேன்னா எங்களுக்கு வீடும் வேண்டாம்."

செந்தூர்பாண்டி தலையில் கை வைத்துக்கொண்டார். ரேச்சல் அவனைத்தான் பார்த்தாள். காலையில் இதே வார்த்தைக்கு மூட்டையைக் கட்டியிருப்பாள். இப்போது எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பல்கீஸ் ரேச்சலின் வேர்த்த முகத்தையும் கலைந்த தலையையும் பார்த்தாள். "வெள்ளத்துல மாட்டிக்கிட்டீங்களாம்மா?" என்றாள். ரேச்சல் தலையாட்டினாள். பல்கீஸ் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி ஜீவமணியிடம் நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. "அவ கைல குடுங்கக்கா."

ரேச்சல் சாவியோடு படியேறிப் போனாள். மேலே பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பூட்டுகிற சத்தம். மறுபடி திறந்தாள், மறுபடி பூட்டினாள். செந்தூர்பாண்டி பொறுமையில்லாமல் பேனாவை நீட்டினார். ஜீவமணி கையமர்த்திவிட்டு மேலேயே காது கொடுத்து நின்றான். நாலாவது தடவையும் பூட்டு திறந்தது கேட்ட பிறகுதான் பேனாவை வாங்கினான்.