தட்டு சாயும் பக்கம்

காலையில் மாடி ஹாலைப் பெருக்குவது நாடக டீச்சரின் வேலை. அப்படி எந்த உத்தரவும் இல்லை. ஆயாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. ஏற முடிகிற நாட்களில் மனசு வராது. பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கிற தரை என்பதால் டீச்சரே விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கம் தொடங்கி, நாற்காலிகளை நகர்த்தி, குப்பையை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வருவாள். கொஞ்ச நாளாக ஒரு தொல்லை. தள்ளிவிட்டு நிமிர்ந்தால், குட்டிப் பென்சிலும் அறுந்து விழுந்த பாசிமணியும் மெல்ல உருண்டு ஜன்னல் பக்கமே திரும்பிப் போயின. தரை போட்ட கொத்தனாரை ஒரு வார்த்தை வைதுவிட்டு அவற்றைக் கையால் பொறுக்குவாள். இத்தனை வருஷம் அந்தக் கொத்தனார் ஏன் நினைவுக்கு வரவில்லை என்று அவள் யோசிக்கவில்லை.

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'இடம் விடு டீச்சர்'. வகுப்பு முழுக்க அவள் வாயில் அதுதான். "இடம் விடு. முன்னால நிக்கறவனை மறைக்காதே. மரம்னா மரம் மாதிரி தள்ளி நில்லு, மரம் யார் தோள்லயும் தொங்காது." இதில் வேடிக்கை, அவள் கணவர் பஸ் கண்டக்டர். "உள்ள போங்க, உள்ள இடம் இருக்கு" என்று கத்திக் கத்தியே அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "ஒரே வீட்டுல நேர் எதிர் வியாபாரம். நீ விடச் சொல்றே, நான் அடைக்கச் சொல்றேன்" என்பார்.

நாடகம் அவள் கேட்டு வாங்கியதல்ல. பாட்டு டீச்சர் மாற்றலாகிப் போனபோது, சும்மா இருந்த தையல் டீச்சரான இவள் தலையில் கட்டினார்கள். பயிற்சிக்கு அனுப்பினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த பாடங்களில் பாதி தூக்கத்தில் போயிற்று. ஆனால் இடத்தைப் பற்றிச் சொன்னது மட்டும் அவளுக்கு உடனே பிடிபட்டது. கூடப்பிறந்தவர்கள் நிறைந்த சின்ன வீட்டில் வளர்ந்தவள். படுத்தால் காலை நீட்ட முடியாது, காலை நீட்டினால் படுக்க முடியாது. யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை வைத்தே யாருக்கு யார் மேல் கோபம் என்று சொல்லிவிடுவாள்.

பயிற்சியில் கற்ற ஒரு விளையாட்டை அவள் விடவே இல்லை. தட்டு விளையாட்டு. ஹால் தரைதான் தட்டு; அடியில் ஒரு விரல் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூட்டம் சேர்ந்தால் தட்டு சாய்ந்துவிடும். கை தட்டியதும் அப்படியே நிற்க வேண்டும். எங்கேயும் வெற்றிடம் இருக்கக் கூடாது. முதல் மாதம் பிள்ளைகள் பிடித்துவைத்த பட்டாம்பூச்சிகள் மாதிரி மூலையில் மோதிக்கொண்டார்கள். பிறகு பழகிவிட்டது. கை தட்டினால் முறத்தில் பரப்பிய அரிசி போல ஒரே சீராக நிற்பார்கள். அதைப் பார்ப்பதில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் சொன்னால் கண்டக்டர் சிரிப்பார்.

அதே ஹாலில் நடக்கவிருந்த ஆண்டு விழாவுக்கு நாடகம் தயாராகிக்கொண்டிருந்த சமயம். ஒரு நாள் கை தட்டியபோது ஜன்னல் பக்கம் பெரிய இடம் காலியாக இருந்தது.

"அங்க யாரு நிக்கறது? இடம் வெறிச்சுனு கிடக்கு பாரு."

யாரும் நகரவில்லை. வகுப்பில் வாயாடி என்று பெயரெடுத்த பெண் கையைத் தூக்கினாள்.

"அங்க நின்னா தட்டு சாயுது டீச்சர்."

"சாயட்டும். அதுக்குத்தானே விளையாட்டு. நாலு பேரு அந்தப் பக்கம் போங்க, பாப்போம்."

நால்வர் போனார்கள். போனதும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, மிக மெதுவாக ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். முகத்தில் அப்படி ஒரு பயம். டீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது. "இதுதான் நடிப்பு. எல்லாரும் பாருங்க. தரை அசையாமலே அசையற மாதிரி காட்றாங்க" என்று கை தட்டினாள்.

அடுத்த வகுப்பிலும் அதே. அதற்கடுத்ததிலும். பாராட்டி அலுத்தவள், "போதும், இப்ப ஒழுங்கா நில்லுங்க" என்றாள்.

"ஒழுங்காத்தான் நிக்கறோம் டீச்சர்" என்றாள் வாயாடி. "நாங்க ஒண்ணும் நடிக்கல."

டீச்சர் தானே போய் அவர்கள் நடுவில் நின்றாள். பாதத்துக்கடியில் ஏதோ மூச்சு விட்டது போல இருந்தது. ஜன்னல் கண்ணாடி சன்னமாக ஒருமுறை நடுங்கி அடங்கியது.

"எல்லாரும் வாசல் பக்கம் வாங்க. மெதுவா" என்றாள். குரல் எப்போதும் போல்தான் இருந்தது.

அன்றைக்கே தலைமையாசிரியையிடம் போனாள். அந்த அம்மாள் கெட்டவர் அல்ல. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்த பள்ளியை வீடு வீடாக ஏறி இறங்கி நிறுத்தி வைத்திருப்பவர்.

"யாரு சொன்னது, பிள்ளைங்களா?"

"முதல்ல அவங்க. அப்புறம் நானும் நின்னு பாத்தேன் மேடம்."

"தட்டு சாயுது, தட்டு சாயுதுன்னு வருஷம் முழுக்க நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? இப்ப சாயுதுங்கறாங்க. நல்லாக் கத்துக்கிட்டாங்கன்னு சந்தோஷப்படுங்க. நீங்களே வளத்த புலி, நீங்களே பயந்தா எப்படி?"

"விழாவைக் கீழ முத்தத்துல வச்சிக்கலாமே."

"வெயில்ல? எல்லாரும் ஏன் முத்தத்துலன்னு கேப்பாங்க. கேட்டா என்ன சொல்றது? கட்டடம் சரியில்லைன்னு ஒரு வார்த்தை வெளிய போனா மறுநாளே பூட்டிடுவாங்க. இந்தப் பிள்ளைங்க எல்லாம் பெரிய ரோட்டைத் தாண்டி அடுத்த ஸ்கூலுக்கு நடக்கணும். அந்த ரோட்டுல லாரி எப்படிப் போகுதுன்னு உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க."

அதுவும் உண்மைதான்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னாள். அவர் வழக்கம் போலச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"பஸ்ல ஒரு பக்கமாத் தொங்குவாங்க இல்ல" என்றார். "வண்டி லேசாக் குனியும். எங்களுக்குக் கால்ல தெரியும், டிரைவருக்குக் கையில தெரியும். உள்ள உக்காந்து இருக்கறவங்களுக்குத் தெரியாது."

"தெரிஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"விசில் அடிப்பேன். வண்டி நிக்கும்." கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "உன்கிட்ட விசில் இருக்கா?"

மறுநாளிலிருந்து டீச்சர் புது விளையாட்டு ஒன்றைத் தொடங்கினாள். இடத்தை நிரப்பத் தெரிந்தவர்களுக்கு அதைக் காலி செய்யவும் தெரிய வேண்டும் என்றாள். ஒரு வீட்டில் குழந்தை தூங்குகிறது. அது விழிக்காமல் எல்லோரும் வெளியேற வேண்டும். ஓடக் கூடாது, தள்ளக் கூடாது, சுவரை ஒட்டியே நடக்க வேண்டும், படியில் ஒருவர் பின் ஒருவர். பிள்ளைகளுக்கு இது தட்டை விடவும் பிடித்துப்போயிற்று. சத்தமே இல்லாமல் முற்றத்தில் போய் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் மட்டும் மாடிப்படியின் நடுவில் நின்று அவர்கள் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழா அன்றைக்கு ஜன்னல் பக்கம் பெற்றோர்கள் நிற்பார்கள். வெளிச்சம் அங்கேதான், படம் எடுக்க வசதி. அவர்கள் யாரும் இந்த விளையாட்டை ஆடியதில்லை.

ஹாலுக்கு நேர் கீழே ஒன்றாம் வகுப்பு. அந்த வகுப்பு டீச்சர் ஒரு மதியம் மேலே வந்து சண்டை பிடித்தாள்.

"மேல என்னதான் ஆடறீங்க? பிள்ளைங்க தலையெல்லாம் சுண்ணாம்பு. அவங்க அம்மாங்க என்னைக் கேக்கறாங்க, பொடுகான்னு."

"இன்னிக்கு நாங்க ஆடவே இல்லையே" என்றாள் நாடக டீச்சர். "பிள்ளைங்க மைதானத்துல இருக்காங்க."

வந்தவள் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை. இறங்கிப் போய், பெஞ்சுகளை எதிர்ச்சுவர் பக்கம் இழுத்துப் போட்டாள். அந்தச் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

விழாவுக்கு முந்தின நாள் மதியம், தலைமையாசிரியை ஏற்பாடுகளைப் பார்க்க மாடிக்கு வந்தார். வாட்ச்மேன் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஜன்னல் பக்கம் ஏன் போடல?"

"டீச்சர்தான் வேணாம்னாங்க."

தலைமையாசிரியை டீச்சரைப் பார்த்தார். "இன்னுமா அந்தத் தட்டு?"

"நீங்க ஒரு தடவை வந்து நின்னு பாருங்க மேடம். அதுக்கப்புறம் நான் பேசல."

"நிக்கறேன், அதுக்கென்ன." பையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். குதிகாலால் ஓங்கி மிதித்தார். ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களா? நான் என்ன ஒல்லியா?"

டீச்சர் போய் அவர் பக்கத்தில் நின்றாள். அப்போதும் ஒன்றும் இல்லை. வாட்ச்மேனையும் கூப்பிட்டாள். அவர் இரண்டு கையிலும் நாற்காலிகளோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்னங்க, போட்டோவா?"

அவர் வந்து நின்றதும் தரை இறங்கியது. மயிரிழைதான். கண்ணாடி கிடுகிடுத்தது. அடியில் எங்கேயோ காய்ந்த குச்சி ஒடிவது போல ஒரு சத்தம். வாட்ச்மேன் நாற்காலிகளைக் கீழே வைக்காமலே பின்வாங்கினார். தலைமையாசிரியையின் கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது.

கீழே ஒன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை கம்பியை விட்டார். கையைப் பார்த்தார், துருவைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வோர் அடியாக அங்கிருந்து விலகி வந்து, பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"அழைப்பெல்லாம் போயாச்சு" என்றார், வாட்ச்மேனிடம் சொல்வது போல.

"என் வகுப்புப் பிள்ளைங்களை நாளைக்கு நான் மேல ஏத்த மாட்டேன் மேடம்" என்றாள் டீச்சர். "வேலையை விட்டு அனுப்புனாலும் சரி. மத்த வகுப்புப் பிள்ளைங்களை என்ன பண்ணப் போறீங்க? இப்ப கீழ உக்காந்திருக்குதே, அதுங்களை?"

தலைமையாசிரியை வாசலில் ஒரு கணம் நின்றார். செருப்பை மாட்டிக்கொண்டார். படி இறங்கிப் போனார். செருப்புச் சத்தம் ஒன்றாம் வகுப்பு வாசலில் நிற்காமல் அவர் அறைப் பக்கம் போயிற்று; வாய்ப்பாடு தொடர்ந்தது.