மலரின் இடக்கை

வெயிலில் காய்ந்த தோணியின் அடிப்பக்கத்தைக் கொய்யாக் கம்பால் தட்டினால் நடுவில் "தும்" என்றும், முனைப் பக்கம் போகப் போக "டக்" என்றும் கேட்கும்; தாரும் மீன் கவிச்சியும் கலந்த அந்தச் சூட்டு மணம் எங்காவது மூக்கில் ஏறினால் இப்போதும் என் இரண்டு கைகளும் தாமாகவே அசையத் தொடங்கிவிடும். மண்டூர் ஆற்றங்கரையில், வாவியை நாங்கள் "ஆறு" என்றுதான் சொல்வோம், அப்பா பழுது பார்ப்பதற்காகக் கவிழ்த்துப் போட்டிருந்த அந்தத் தோணிதான் நான் பழகிய முதல் மேளம்.

எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடத்து "பாண்ட்" பிள்ளைகள் மைதானத்தில் பழகுவதை மதிலோரம் நின்று கேட்டு, வாய்க்குள் முணுமுணுத்தபடியே வீட்டுக்கு ஓடிவந்து, மறப்பதற்குள் தோணியில் அடித்துப் பார்ப்பேன். உருட்டி அடிக்கும் அந்த ஓர் அடி கைக்கு வர எனக்கு ஒரு வருடம் பிடித்தது. "அடிமேல அடிச்சா அம்மியும் நகரும் எண்டுவாங்க, இவள் அடிக்கிற அடிக்கு ஊரே எழும்பி நகந்திரும்" என்று அம்மா ஏசுவார். அந்த ஏச்சிலும் எனக்குப் பெருமைதான்; தானாக மேளம் பழகிய பிள்ளை ஊரில் நான் ஒருத்திதானே.

அந்தப் பெருமை என் தங்கை மலரால் பதினைந்தே நாளில் போயிற்று. என்னைவிட இரண்டு வயது இளையவள், இடக்கைக்காரி. பொழுது போகாமல் தோணிக்கு மறுபக்கம் குந்தியிருந்து தட்டத் தொடங்கியவள், என் ஒரு வருடத்து உருட்டை இரண்டு கிழமையில், இடக்கையால் தொடங்கி, தகரத்தில் மழை பெய்கிற மாதிரி அடித்தாள். வலை தைத்துக்கொண்டிருந்த அப்பா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "பாருகா, இவள்ற கையில என்னமோ இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். எனக்காக அவர் ஒருநாளும் ஊசியைக் கீழே வைத்ததில்லை. அவளுக்கு ஒரு வாத்தியார் இருந்திருந்தால் அவர் கெட்டிக்காரர் என்று சொல்லியாவது மனதை ஆற்றியிருப்பேன். அவளுக்கும் இருந்தது அதே தோணி, அதே கம்புதான்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் பாண்டில் ஒரு "சைட் ட்ரம்" ஆளில்லாமல் கிடந்தது. எங்கள் இருவரையும் அடித்துக் காட்ட வரச் சொன்னார் பாண்ட் பழக்கும் சேர். அதற்கு முதல் நாள் பின்னேரம் மலர் என்னிடம் வந்து, "அக்கா, நான் அடிக்கிறது சரியா?" என்று கேட்டாள்.

"எல்லாம் சரி. ஆனா பாண்டில வலக்கையாலதான் தொடங்கோணும் புள்ள. இடக்கையால தொடங்கினா எடுக்கமாட்டாங்க" என்றேன்.

அந்தப் பாண்டிலேயே ஒரு பிள்ளை இடக்கைக்காரி என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மலருக்குத் தெரியாது. மறுநாள் சேருக்கு முன்னால் வலக்கையால் தொடங்கியவள் மூன்றாம் அடியிலேயே தடுமாறி, திரும்பத் தொடங்கி, திரும்பவும் தடுமாறி, கம்புகளை என்னிடம் நீட்டினாள். ட்ரம் எனக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு அவள் தோணிப் பக்கம் வரவேயில்லை. "அக்காட அளவுக்கு எனக்கு வராது" என்று அவள் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டும் கேளாதவளாக நான் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தேன்.

இன்று அந்தத் தோணி இல்லை. கரையில் கிடப்பவை எல்லாம் பைபர் வள்ளங்கள், எங்கே தட்டினாலும் ஒரே சத்தம்தான். சென்ற கிழமை மலர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவளுடைய ஆறு வயது மகள் வெறும் பால்மாத் தகரப் பேணியைக் கவிழ்த்து வைத்து, இடக்கையால் தொடங்கி, அதே மழையை அடித்தாள். இத்தனை வயதுக்குப் பிறகும், அதுவும் ஒரு சின்னப் பிள்ளையைப் பார்த்து, எனக்குள் அந்தப் பழைய எரிச்சல் எழும்பியது. மலர் சமையலை விட்டுக் குசினிக்குள்ளிருந்து ஓடிவந்து பிள்ளையின் இடக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மற்றக் கையால தொடங்கு மகள். பெரியம்மா எனக்கு அப்பிடித்தான் சொல்லித்தந்தவ."

பிள்ளை வலக்கையால் தொடங்கித் தடுமாறினாள்.

"விடு மலர். எந்தக் கையால தொடங்கினாலும் ஒண்டுதான்" என்று என் வாயில் வந்துவிட்டது.

மலர் பிள்ளையின் கையை விட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப அண்டைக்கு?" என்று கேட்டாள்.

பிள்ளை மறுபடியும் இடக்கையால் தொடங்கியிருந்தாள். அந்தப் பேணிச் சத்தத்தில் காதில் விழாதது போல நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தேன்.